கணவாய் வருது, கண்ணாடிய மூடுங்க

மாதேஷ்,

காலாண்டுப் பரீட்சை முடிந்து நேற்று மத்தியானம் பள்ளிக்கூடம் விட்டுவிட்டார்கள். நம் வேனில் வந்துகொண்டிருந்த பிள்ளைகள் எல்லாம் யார் யாருடைய ஆட்டோவிலோ, அப்பாக்களின் பைக்கிலோ வந்து இறங்கியதை வாசலில் நின்று பார்த்தேன். "காலாண்டு லீவுல பாத்துக்கலாம்மா" என்று நீ சொன்னாயே, அந்த லீவு வந்துவிட்டது. அதை உனக்கு ஞாபகப்படுத்தத்தான் எழுதுகிறேன். போன் செய்தால் நீ எடுப்பதில்லை. வாட்சப்பில் பேசி அனுப்பினால் கேட்டாயா இல்லையா என்றுகூடத் தெரிவதில்லை. வெள்ளிக்கிழமை மெக்கானிக் செந்தில் ஏதோ சாமான் வாங்க ஓசூர் வருகிறானாம். அவன் கையில் இதைக் கொடுத்து அனுப்புகிறேன். எழுதிப் பழக்கம் விட்டுப் போயிற்று, எழுத்து கோணலாகத்தான் இருக்கும். முழுதும் படி. பாதியில் மடித்து பாக்கெட்டில் வைத்துக்கொள்ளாதே, உன் பழக்கம் எனக்குத் தெரியும்.

வேனை விற்கப் பார்க்கிறாய் என்று செந்தில்தான் சொன்னான். பாலக்கோட்டிலிருந்து ஒருவர் ஞாயிற்றுக்கிழமை வந்து ஓட்டிப் பார்க்கப் போகிறாராம். அவரும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை ஏற்றுகிறவர்தானாம். அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. வேன் புங்கமரத்தடியில் நீ நிறுத்திவிட்டுப் போன இடத்திலேயேதான் நிற்கிறது. மேலெல்லாம் இலையும் தூசியும். தினமும் காலையில் எழுந்ததும் முதலில் கண்ணில் படுவது அதுதான். உனக்கு அந்த வண்டியைப் பார்க்கவே பிடிக்கவில்லை, ஓசூரில் கம்பெனி பஸ் ஓட்டிக்கொண்டு நிம்மதியாக இருக்கலாம் என்று நினைக்கிறாய். நினை, அதை நான் தடுக்கவில்லை. ஆனால் வண்டியின் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொண்டே இன்னொருவர் கையில் கொடுக்கப் பார்க்கிறாயே, அதை என்னால் தாங்க முடியவில்லை.

நாம் மலைக் கணவாய்க்குக் கீழே பிறந்து வளர்ந்தவர்கள். ராத்திரி பகல் என்றில்லாமல் லாரிகள் பிரேக்கைத் தேய்த்துக்கொண்டு இறங்கும். அந்தக் கருகிய வாடையும் டீசல் புகையும் நம் வீட்டுக் குழம்பு வாசனையோடு கலந்தே இருக்கும். வெளியூரிலிருந்து வருகிற சொந்தக்காரர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு, "என்னாங்க இப்படி நாறுது" என்று கேட்டால் நமக்குக் கோபம் வரும். நமக்கு அது தெரிவதே இல்லை. உன் அப்பா லாரியில் போய்விட்டு வருவார். நீ சின்னப் பையனாக இருந்தபோது, அவர் கழற்றிப் போட்ட காக்கிச் சட்டையைச் சுருட்டித் தலைக்கு வைத்துக்கொண்டு தூங்குவாய். துவைக்க எடுத்தால் அழுவாய். டீசல் வாசனை வந்தால் அப்பா வந்துவிட்டார், அப்பா வந்தால் வீட்டில் அடுப்பு எரியும். அப்படித்தான் உனக்கும் எனக்கும் அந்த வாடை பழகியது. புகையைக் கண்டு பயப்பட நமக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அப்பா கடைசி காலத்தில் இருமி இருமி உட்கார்ந்திருந்தபோதுகூட பீடியைத்தான் திட்டினோம். வேறு எதையும் நாம் யோசிக்கவில்லை.

நீ வேன் எடுத்த அன்றைக்கு எனக்கு இருந்த பெருமையை இப்போது சொன்னால் நம்புவாயா? உன் அப்பா யாரோ ஒருவருடைய வண்டியைத்தான் கடைசிவரை ஓட்டினார். நீ உன் பேரை எழுதிய வண்டியில் உட்கார்ந்தாய். கூடவே எனக்கும் ஒரு வேலை கொடுத்தாய். நீ முன்னால் ஓட்ட, நான் பின்னால் பிள்ளைகளைப் பிடித்து ஏற்றி இறக்குகிற ஆயா. ஊரில் எல்லாப் பிள்ளைகளும் என்னை "வேன் ஆயா" என்று கூப்பிட ஆரம்பித்ததில் எனக்கு என் சொந்தப் பேரே மறந்து போயிற்று. நீயும் வண்டியைச் சும்மா விட்டாயா? கல்யாணப் பந்தல் மாதிரி கலர் லைட்டு. கண்ணாடிக்குக் கறுப்புத் தாள். புது சீட்டுக்குப் போட்டு வந்த பிளாஸ்டிக் உறையைக் கழற்றவே விடவில்லை. பிள்ளைகளின் தொடை வேர்த்து அதில் ஒட்டிக்கொண்டு, இறங்கும்போது பிய்த்துக்கொண்டு வரும். "கழட்டித் தொலைடா" என்றால், "அழுக்காயிடும்மா" என்பாய். உள்ளே ஏறினால் பிளாஸ்டிக் வாடை ஒரு பக்கம், நீ கண்ணாடியில் தொங்கவிட்ட மல்லிகை சென்ட் ஒரு பக்கம். நான் தலையில் வைத்திருந்த நிஜ மல்லிகை எந்த மூலைக்கு?

உன்னைக் குறை சொல்வதற்காக இதையெல்லாம் எழுதவில்லை. நீ பிள்ளைகளிடம் எப்படி இருந்தாய் என்று எனக்குத் தெரியாதா? தூங்கி எழுந்து தலைவாராமல் ஓடி வருகிற பிள்ளைக்காக ஹாரன் அடிக்காமல் காத்திருப்பாய். டிபன் பாக்ஸை மறந்துவிட்டு வந்தவளுக்கு உன் இட்லியைக் கொடுத்தாய். வெயில் தாங்காது என்றுதான் ஏ.சி. வைத்த வண்டியாகத் தேடிப் பிடித்தாய். எல்லாம் நல்லதற்கென்று செய்ததுதான். அதனால்தான் எனக்கு மனசு ஆறவில்லை. கெட்டவன் ஒருவன் செய்திருந்தால் திட்டிவிட்டுப் போயிருப்பேன்.

காலையில் நம் ஊர்ப் பிள்ளைகள்தான் முதலில் ஏறுவார்கள். முதலில் ஏறுகிறவர்கள் கடைசி சீட்டுக்குப் போக வேண்டும் என்பது உன் சட்டம். வழியில் ஏறுகிறவர்களுக்கு இடைஞ்சல் இருக்கக் கூடாதே. அப்படித்தான் யு.கே.ஜி. படிக்கிற யாழினி தினமும் கடைசி சீட்டின் ஓரத்துக்குப் போனாள். சாயந்திரம் கடைசியாக இறங்குவதும் அவள்தான். சர்வீஸ் ரோட்டிலிருந்து மெயின் ரோட்டுக்கு ஏறியதும் நான் எழுந்து நின்று சத்தம் போடுவேன்: "கணவாய் வருது, கண்ணாடிய மூடுங்க." நல்லம்பள்ளிப் பக்கம் ஏறும்வரை முன்னால் லாரிகள் கரும்புகையைக் கக்கிக்கொண்டு முக்கி முக்கிப் போகும். அந்தப் புகை பிள்ளைகள் மேல் படக் கூடாதென்று நானே ஒவ்வொரு கண்ணாடியையும் தள்ளிப் பார்ப்பேன். பிள்ளைகளும் பாட்டு மாதிரி என் கூடவே சேர்ந்து சொல்வார்கள். நான் அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்த பாட்டு அது ஒன்றுதான்.

"ஆயா, வேன் நாறுது" என்று யாழினி எத்தனையோ தடவை சொன்னாள். "அது கணவாய் நாத்தம் கண்ணு, மேல ஏறினா போயிடும்" என்பேன். மேலே ஏறிய பிறகு கண்ணாடியைத் திறப்போம், நாற்றமும் போய்விடும். அப்படியானால் நான் சொன்னது சரிதானே என்று இருந்துவிட்டேன். பின் சீட்டுப் பிள்ளைகள் தலைவலி என்பார்கள். காலையில் சாப்பிட்டிருக்க மாட்டார்கள் என்று அம்மாக்களைத் திட்டுவேன். எவனாவது வாந்தி எடுப்பான். நீ பினாயில் ஊற்றிக் கழுவி, சென்ட்டை இன்னும் இரண்டு அழுத்து அழுத்துவாய். எனக்கும் தினமும் மண்டையைப் பிளக்கும். வயசாகிறது என்று தைலத்தைத் தேய்த்துக்கொள்வேன். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் ஏன் வலிக்கவில்லை என்று ஒரு தடவைகூட யோசித்ததில்லை. இவ்வளவு வயதாகியும் அந்த ஒரு கேள்வி எனக்குத் தோன்றவில்லையே என்று இப்போது ராத்திரியெல்லாம் நினைத்துக்கொள்கிறேன்.

வேன் தரையில் இருந்த ஓட்டையைப் பிள்ளைகள் எனக்கு முன்பே கண்டுபிடித்துவிட்டார்கள். இன்னும் சிலரை உட்காரவைக்கலாம் என்று கடைசி சீட்டைக் கழற்றிப் பின்னால் தள்ளி மாட்டினாயே, பழைய போல்ட் இருந்த ஓட்டைகள் தரையில் அப்படியே நின்றுவிட்டன. பிள்ளைகளுக்கு அது விளையாட்டு. பென்சில் சீவின தூளையும் கடலைத் தோலையும் அதில் போட்டு, ரோட்டில் விழுகிறதா என்று குனிந்து பார்ப்பார்கள். ஒருநாள் ஒரு முழு பென்சிலே போயிற்று. நான் திட்டிவிட்டு, அதன்மேல் ரப்பர் பாயை இழுத்துப் போட்டேன். ஓட்டை வழியாக ரோட்டுக்குப் போவதைத்தான் பார்த்தேனே தவிர, ரோட்டுப் பக்கத்திலிருந்து என்ன மேலே வரும் என்று பார்க்கவில்லை. சைலென்சர் வேகத்தடையில் இடித்து விரிசல் விட்டதும் உனக்குத் தெரியும். கட்டைக் குரலில் உறுமும். "சத்தம் ஒருமாதிரி வருதேடா" என்றேன். செந்திலிடம் காட்டினாய். அவன் அவசரத்துக்குச் சூடு தாங்குகிற துணிப் பட்டையைச் சுற்றிக் கம்பியால் கட்டி அனுப்பினான். கட்டுப் போட்டுவிட்டால் ஆறிவிடும் என்று இருக்க அது என்ன முழங்காலா?

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். சாயந்திரம் பள்ளிக்கூட வாசலில் எல்லா வேனும் வரிசையாக நிற்கும். பிள்ளைகள் ஏறும்போது உள்ளே ஜில்லென்று இருக்க வேண்டுமென்று எல்லோரும் இன்ஜினை ஓடவிட்டுக்கொண்டே நிற்பீர்கள். அந்த வரிசைக்குப் பின்னால்தான் கொய்யாப்பழக்காரி கூடையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ஒருநாள் அவள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, "தம்பி, செத்த ஆஃப் பண்ணி வையேன், பழமெல்லாம் பொகை வாசம் அடிக்குது" என்று கேட்டாள். நீ சிரித்துக்கொண்டே கொஞ்சம் முன்னால் நகர்த்தி நிறுத்தினாய். புகை அவளுக்குப் பக்கத்தில் இருந்த பூக்காரியிடம் போயிற்று. நானும்தான் சிரித்தேன். நம் வண்டிப் புகை நமக்கில்லை, வெளியே இருப்பவர்களுக்குத்தான் என்று நினைத்த புத்தி அது.

யாழினி மயங்கிப்போன அன்றைக்குக் கணவாயில் முன்னால் எங்கோ லாரி கவிழ்ந்து கிடந்தது. வண்டிகள் நகரவே இல்லை. முன்னாலும் பின்னாலும் லாரிகள். கண்ணாடிகளை மூடச் சொன்னேன். நீ ஏ.சி.க்காக இன்ஜினை ஓடவிட்டாய். பிள்ளைகள் முதலில் கத்திக்கொண்டிருந்தார்கள், பிறகு ஒவ்வொருவராக அடங்கினார்கள். யாழினி என் மடியில் சாய்ந்து தூங்கிவிட்டாள். பாவம், அசதி, தூங்கட்டும் என்று அவள் தலையைக் கோதிக்கொண்டிருந்தேன். எனக்கே கண் சொருகியது. வண்டி அமைதியாக இருக்கிறதே என்று சந்தோஷப்பட்டேன் மாதேஷ். பள்ளிக்கூட வாசலில் எழுப்பினால் அவள் எழுந்திருக்கவில்லை. கழுத்து தொங்கிப் போயிற்று. கீழே இறக்கிக் காற்றில் பிடித்ததும் வாந்தி எடுத்தாள், கண்ணைத் திறக்கவில்லை. நீதான் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினாய். தருமபுரி ஆஸ்பத்திரிக்குள் நீ செருப்பில்லாமல் ஓடியதை நான் பார்த்தேன், அதை மறக்கமாட்டேன்.

முகமூடி வைத்து ஆக்சிஜன் கொடுத்தார்கள். டாக்டரம்மா முதலில் அவளுடைய அப்பாவைத்தான் கேட்டார்கள், மூடின ரூமில் அடுப்போ ஜெனரேட்டரோ இருந்ததா என்று. அவர் இல்லை என்றார். அவர் மருந்து வாங்கப் போன பிறகு என் பக்கம் திரும்பி, "நீங்கதான் கூட வந்தீங்களா? எதுல வந்தா?" என்றார்கள். சொன்னேன். "உங்களுக்குத் தலை வலிக்குதா?" என்றார்கள். அப்போதுதான் எனக்கு விளங்கியது. "வண்டிப் புகை உள்ள வந்திருக்கும். அதுல இருக்கிற விஷத்துக்கு வாசனையே கிடையாதும்மா, மூக்க நம்பாதீங்க. வண்டிய உடனே பாக்கச் சொல்லுங்க" என்றார்கள். நீ கதவருகில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாய். யாழினியின் அப்பா மருந்தோடு திரும்பி வந்தார். நீ என்னைப் பார்த்தாய். நான் வாயைத் திறக்கவில்லை. சாயந்திரம் அவள் எழுந்து உட்கார்ந்து பிஸ்கட் கேட்டபோது அவளுடைய அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க கூட இருந்ததால புள்ள பொழச்சிதுக்கா" என்றார். அந்தக் கையை உதறிவிட்டு ஓடிவிடலாம் போல இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் உன்னிடம்தான் முதலில் சொன்னேன். ஊருக்குச் சொன்னேன், உன்னிடம் சொல்லவில்லை என்று நீ பேசித் திரிகிறாயாம். நன்றாக யோசித்துப் பார். நீ சாப்பிடாமல் தட்டைத் தள்ளி வைத்தாய். "நாளைக்கு வண்டிய நிறுத்துடா" என்றேன்.

"நிறுத்தினா புள்ளைங்க எப்படிப் போவும்? பரீட்சை வருதும்மா. ஒரு நாள் நின்னா வேற வேன்காரன் புடிச்சிக்குவான். காலாண்டு லீவுல எல்லாத்தையும் கழட்டிப் பாத்துக்கலாம்."

"அதுவரைக்கும்?"

"கண்ணாடியத் தொறந்து வச்சி ஓட்டலாம். பின்னாடி சீட்டுல யாரையும் உக்கார வைக்காத. போதாதா?"

போதும் என்றுதான் எனக்கும் பட்டது. நீ சொன்னதில் ஒரு நியாயம் இருந்தது. உன் முகத்தைப் பார்த்தால் எனக்கும் இரக்கமாக இருந்தது. சரி என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்தேன். விடியற்காலையில் தகரத்தின்மேல் சத்தம் கேட்டு விழித்தேன். மழை. நல்ல மழை. எழுந்து உட்கார்ந்துவிட்டேன். மழை என்றால் கண்ணாடியைத் திறந்து வைக்க முடியாதே. சாரல் அடித்தால் பிள்ளைகள் தாங்களாகவே மூடிவிடுவார்கள். நோட்டு நனைந்தால் டீச்சர் திட்டுவார். நானே மூடிவிடுவேன், இத்தனை காலம் மூடிப் பழகின கை. உன்னிடம் வந்து சொன்னேன். நீ குளித்து, திருநீறு வைத்து, வண்டியை ஸ்டார்ட் பண்ணிக்கொண்டிருந்தாய். "மழ விட்டுடும்மா, ஏறு" என்றாய். ஏறினேன்.

கோயில் திருப்பத்தில் பிள்ளைகள் குடை பிடித்துக்கொண்டு நின்றார்கள். நான் கதவைத் திறந்து இறங்கினேன். வழக்கம்போல பையை வாங்கி உள்ளே வைக்க முதல் பையன் கையை நீட்டினான். என்னால் வாங்க முடியவில்லை. படியில் ஏறி நின்று இரண்டு கையாலும் கதவை அடைத்துக்கொண்டேன். "ஏறாதீங்க. வண்டிக்குள்ள பொகை வருது. நேத்து யாழினிக்கு அதுதான் ஆச்சு." இவ்வளவுதான் சொன்னேன். இதைச் சொன்னால் பிள்ளைகள் ஏறமாட்டார்கள் என்பது வரைக்கும்தான் யோசித்திருந்தேன். யாழினியின் அப்பா ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் அங்கே பைக்கை நிறுத்தியிருக்கிறார் என்று நான் பார்க்கவில்லை. அவர் சுற்றிக்கொண்டு உன் பக்கம் போனதும், கதவைத் திறந்து உன் சட்டையைப் பிடித்து இழுத்ததும், நீ இத்தனை நாள் ஏற்றி இறக்கிய பிள்ளைகள் எல்லோரும் பார்க்க உன்னை அறைந்ததும் கண்ணை மூடித் திறப்பதற்குள் நடந்துவிட்டது. நீ திருப்பி அடிக்கவில்லை. அவரைப் பார்க்கக்கூட இல்லை. மழையில் நின்றுகொண்டு என்னையே பார்த்தாய்.

அந்தப் பார்வைக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. கடையில் என் காதுபடவே பேசுகிறார்கள், பெற்றவளே காட்டிக்கொடுத்துவிட்டாள் என்று. சிலர் என்னைப் பாராட்டவும் செய்கிறார்கள். அந்தப் பாராட்டு திட்டைவிடக் கஷ்டமாக இருக்கிறது, ஏனென்றால் என்னைப் புகழ்ந்துவிட்டு அடுத்த வார்த்தையில் உன்னைத் திட்டுகிறார்கள். பையை எடுத்துக்கொண்டு ஓசூருக்குக் கிளம்பும்போது நீ கேட்டாய், "எங்கிட்ட சண்ட போட்டு சாவிய புடுங்கியிருக்கலாமில்ல? ஒரு நாள் குடுத்திருக்கலாமில்ல?" என்று. சாவியைப் பிடுங்கியிருக்கலாம். அது எனக்கு அப்போது தோன்றவில்லை, தோன்றியிருந்தால் உனக்கு அந்த அறை விழுந்திருக்காது. அதற்காக நீ என்னை எவ்வளவு வேண்டுமானாலும் வெறு. ஆனால் ஒரு நாள் கொடுத்திருக்க முடியாது. ஒரு நாள் என்றால் காலையில் ஒரு தடவை கணவாய், சாயந்திரம் ஒரு தடவை கணவாய். மறுபடி அந்த மழைக்காலையில் கொண்டுபோய் நிறுத்தினாலும் நான் அந்தப் படியில்தான் நிற்பேன். இதை உன்னிடம் மறைக்கத் தெரியவில்லை. அதுதான் என் துக்கமே.

யாழினி இப்போது நன்றாக இருக்கிறாள். "ஆயா, வேன் எப்ப வரும்?" என்று கேட்கிறாள். அவளுடைய அப்பா போன வாரம் வந்து, வாசலிலேயே நின்றுகொண்டு, "அவன அடிச்சது மனசுக்கு ஒருமாதிரியா இருக்குதுக்கா" என்றார். வேன் பக்கம் பார்த்தார். "ஆனா நீங்க அன்னிக்கு சொல்லலன்னா" என்று ஆரம்பித்தவர் முடிக்காமலே பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

நான் சும்மா இருக்கவில்லை. செந்திலைக் கூப்பிட்டு ரப்பர் பாயை எடுக்கச் சொன்னேன். அந்த ஓட்டைகளைச் சுற்றித் தகரமெல்லாம் கரி. பின் கதவின் ரப்பர் காய்ந்து சுருங்கி, வெளிச்சம் உள்ளே தெரிகிறது. சைலென்சர் கட்டின கம்பியோடு தொங்குகிறது. செந்திலுக்கே முகம் செத்துவிட்டது. "இது நான் கட்டினதுதான்க்கா" என்றான். ஏ.சி.யின் பில்டர் என்று ஒன்றை வெளியே இழுத்தான். வடிகட்டி என்கிறான், ஆனால் எலி கூடு கட்டியது மாதிரி தூசி அடைத்திருந்தது. வாங்கினதிலிருந்து யாரும் அதைத் தொடவே இல்லையாம். உள்ளே இருக்கிற காற்றையே சுற்றிவிடுகிற பட்டனை நீ எப்போதும் அழுத்தியே வைத்திருந்தாய் என்றும் சொன்னான். பிள்ளைகள் விட்ட மூச்சையும், வந்த புகையையும், சென்ட்டையும் சேர்த்து அவர்களையே திரும்பத் திரும்ப மூச்சிழுக்க வைத்திருக்கிறோம். சென்ட் பாட்டிலை நான் தூக்கி எறிந்துவிட்டேன். சீட்டுகளின் பிளாஸ்டிக் உறையையும் கிழித்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. உள்ளே நல்ல துணி இருக்கிறது, துவைத்துப் போடுகிற மாதிரி பருத்தி உறை தைத்துவிடலாம். கண்ணாடியின் கறுப்புத் தாளைப் பிய்த்துக்கொண்டிருக்கிறேன், பாதி வந்திருக்கிறது.

மீதி உன் வேலை. புது சைலென்சர் போட வேண்டும், அந்த ஓட்டைகளைத் தகடு வைத்துப் பற்றவைக்க வேண்டும், கதவு ரப்பரை மாற்ற வேண்டும். கடைசி சீட்டைப் பழையபடி முன்னால் தள்ளு, ஏற்றுகிற பிள்ளைகளைக் குறைத்துக்கொள். புகை சர்டிபிகேட்டை வண்டியைக் கொண்டுபோய்ப் பார்த்து வாங்கு, போனில் சொல்லி வாங்காதே. இதையெல்லாம் செய்த பிறகும், பள்ளிக்கூட வாசலில் நின்றால் சாவியைத் திருப்பி ஆஃப் பண்ணு. பிள்ளைகள் கொஞ்சம் வேர்த்துக்கொண்டு ஏறட்டும், ஓட்டினால் காற்று வரும். கொய்யாப்பழக்காரியும் யாரோ ஒருத்தருக்கு ஆயாதான். இவ்வளவையும் உனக்குக் கடிதத்தில் எழுத வேண்டியதில்லை. வண்டியைப் பற்றி உனக்குத் தெரியாததா? தெரிந்துகொண்டே வேறு வேலை பார்க்கிறாயே என்றுதான் எழுதுகிறேன்.

அந்தப் பாலக்கோட்டுக்காரரை நினைத்துப் பார்க்கிறேன். அவர் நம் ஊர்ப் பிள்ளைகளை ஏற்றப் போவதில்லை, அது உண்மை. அவருக்குக் கணவாய்கூட வழியில் இல்லை. ஆனால் அவர் ஊர்த் தக்காளி மண்டிப் பக்கம் காலையில் வண்டி நகருமா? அங்கேயும் ஒரு ஆயா எழுந்து நின்று கண்ணாடியை மூடச் சொல்வாள். அங்கேயும் ஒரு பிள்ளை அவள் மடியில் தூங்கும். அவளும் தலையைக் கோதிவிடுவாள். ஓட்டிப் பார்த்தால் சத்தம் கேட்குமே தவிர, புகை உள்ளே வருவது தெரியாது, முன் சீட்டில் உட்கார்ந்து ஓட்டுகிறவருக்கு அது தெரியவே தெரியாது. உனக்கே தெரியவில்லையே.

ஞாயிற்றுக்கிழமை அவர் வரும்போது, "வண்டி எப்படிம்மா?" என்று கேட்டால் நான் சொல்லிவிடுவேன். மறுபடியும் உன்னைக் காட்டிக்கொடுக்கிற வேலையை எனக்குக் கொடுக்காதே சாமி. ஒரு தடவை செய்ததே இந்த உயிருக்குப் போதும். சனிக்கிழமை ராத்திரி பஸ் ஏறினால் விடியும்போது இறங்கிவிடலாம். செந்தில் கடையைத் திறந்து வைத்திருப்பதாகச் சொன்னான். சைலென்சரைக் கழற்றிக் கீழே போடு. அதற்குப் பிறகு நீயே ஓட்டினாலும் சரி, அவருக்கே விற்றாலும் சரி, நான் ஒரு வார்த்தை பேசமாட்டேன். நீ என்னோடு பேசாவிட்டாலும் பரவாயில்லை, வேலையை முடித்துவிட்டு அடுத்த பஸ்ஸிலேயே போய்விடு. சோறு ஆக்கி வைத்திருப்பேன், சாப்பிடுவது உன் இஷ்டம்.

நீ வரவில்லை என்றால் ஒன்று செய்யப் போகிறேன். காலையிலேயே குளித்துவிட்டுப் போய்க் கடைசி சீட்டில், யாழினி உட்காரும் அந்த ஓரத்தில் உட்கார்ந்துகொள்வேன். அவர் வண்டியைப் பற்றி ஒன்றும் கேட்காமல், "எறங்குங்கம்மா, வண்டிய ஓட்டிப் பாக்கணும்" என்பார். இறங்கமாட்டேன். ஓட்டிப் பார்க்கட்டும். கணவாய் ஏறி நல்லம்பள்ளி வரை போய்த் திரும்பட்டும், நானும் கூடப் போய்விட்டு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை மழை வரும் என்கிறார்கள். மழை வந்தால் நான் கண்ணாடியை மூடிவிடுவேன், அது உனக்கே தெரியும்.

உன் அம்மா